புதிதாக ஏவப்பட்ட செயற்கைக்கோளை மொட்டை மாடியிலிருந்து தேடிப் பிடிப்பது

2017 பிப்ரவரி 15 அன்று காலை 9.28 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி37 ராக்கெட், ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை ஏறத்தாழ 505 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. இப்படி ஒரு கூட்டம் ஒரே பாதையில் அடுத்தடுத்து விடப்படும்போது, தரையிலுள்ள ரேடார்களுக்குத் தெரிவது பெயரற்ற புள்ளிகள் மட்டுமே. அமெரிக்க விண்வெளிப் படை அப்புள்ளிகளுக்கு எண்களைக் கொடுத்து, அவற்றின் பாதை விவரங்களை ஸ்பேஸ்-ட்ராக் தளத்தில் வெளியிடுகிறது. ஆனால் எந்த எண் எந்தக் கோளுக்குரியது என்பதை ரேடாரால் சொல்ல முடியாது. கோள் தானே பேசினால்தான் தெரியும். முதல் சில நாள்களில் அந்தப் பேச்சைக் கேட்டு, அது எந்தப் பாதையில் போகிறது என்று கணித்துச் சொல்வதில் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு உண்மையான பங்கு இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் கட்டிய சிறு கோள்களுக்குப் பெரும்பாலும் உலகெங்கும் தரைநிலையங்கள் இருப்பதில்லை என்பதால், அவர்கள் இந்த உதவியை எதிர்பார்த்தே காத்திருக்கிறார்கள்.

கோளின் ஒலியைக் கேட்டே பாதையைக் கணிக்கும் இந்த முறை புதியதன்று. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர், அதன் 20 மெகாஹெர்ட்ஸ் ஒலியைப் பதிவு செய்து, கோள் நெருங்கி வந்து விலகிச் செல்லும்போது அதிர்வெண் இறங்கும் விதத்திலிருந்தே சுற்றுப்பாதையைக் கணக்கிட்டனர். ரயில் நம்மைக் கடக்கும்போது அதன் ஊதலின் சுருதி இறங்குவதற்குக் காரணமான அதே டாப்ளர் விளைவுதான் இது. இன்று நம் கையில் இருக்கும் கருவிகளுக்கு அவர்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

கீழே சொல்லப்போவது வானொலி வழி. இருகண்நோக்கியும் நிறுத்துக்கடிகாரமும் கொண்டு, கோள் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையே கடக்கும் கணத்தைக் குறிக்கும் கண்வழி முறையும் உண்டு. 1950களின் இறுதியில் மூன்வாட்ச் என்ற திட்டத்தின்கீழ் தன்னார்வலர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பத்து சென்டிமீட்டர் கனசதுரக் கோள்கள் அதற்கு மிகவும் மங்கலானவை. நம் அட்சரேகையில் அந்திப்பொழுதும் விரைவில் கழிந்துவிடுகிறது.

ஏவுவதற்கு முன்

தேடலுக்கு ஒரு தொடக்கக் கணிப்பு வேண்டும். சுற்றுப்பாதையை விவரிக்க உலகெங்கும் புழங்குவது டிஎல்இ எனப்படும் இரண்டு வரிக் குறிப்பு. ஒவ்வொரு வரியிலும் 69 எழுத்திடங்கள் உண்டு. கணிப்பு எந்தக் கணத்துக்கு உரியது, பாதை நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தெற்கிலிருந்து வடக்கே நிலநடுக்கோட்டைக் கடக்கும் ஏறுகணு விண்வெளியில் எத்திசையில் இருக்கிறது, பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது, புவிக்கு அண்மையான புள்ளி எங்கே, அக்கணத்தில் கோள் பாதையில் எங்கே இருந்தது, நாளொன்றுக்கு எத்தனை சுற்று, காற்றின் இழுவை எவ்வளவு ஆகிய எல்லாம் அவற்றில் அடங்கும். கோளைக் கட்டியவர்கள் பலர் ஏவுவதற்கு முன்பே ஒரு தற்காலிக டிஎல்இயை வெளியிடுவார்கள். லிப்ரே ஸ்பேஸ் அறக்கட்டளை நடத்தும் சாட்னாக்ஸ் என்ற தரைநிலைய வலையமைப்பிலும் அது பெரும்பாலும் கிடைக்கும்.

அது கிடைக்காமல், பிரிந்த கணத்தில் கோளின் இடமும் வேகமும் மட்டும் எண்களாகக் கிடைத்தால், அவற்றை டிஎல்இயாக மாற்றும்போது இரண்டு குழிகள் உள்ளன. முதலாவது, அந்த எண்கள் சுழலும் பூமியோடு ஒட்டிய அச்சுகளில் தரப்பட்டிருந்தால், பூமியின் சுழற்சியால் வரும் வேகத்தையும் கூட்ட வேண்டும். 500 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே அது நொடிக்கு அரை கிலோமீட்டர் ஆகும். இரண்டாவது குழி ஆழமானது. டிஎல்இயைப் படிக்கும் எஸ்ஜிபி4 என்ற கணிப்பு முறை எதிர்பார்ப்பது சராசரிக் கூறுகளை, அதாவது பாதையை விவரிக்கும் மேற்சொன்ன எண்களின் சராசரி மதிப்புகளை. இட-வேக எண்களிலிருந்து நேரடியாக வருபவையோ அந்தக் கணத்துக்கு மட்டும் உரிய கூறுகள். பூமி நடுவில் உப்பியிருப்பதால், துருவங்களை ஒட்டிச் செல்லும் 500 கிலோமீட்டர்ப் பாதையில் பாதையின் அரைநீளம் (நீள்வட்டத்தின் நெட்டச்சில் பாதி) ஒரே சுற்றுக்குள் சராசரியிலிருந்து ஒன்பது, பத்து கிலோமீட்டர்வரை கூடிக் குறைகிறது. அரைநீளத்தில் ஒரு கிலோமீட்டர்ப் பிழை இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.2 நொடி, ஒரு நாளுக்கு ஏறக்குறைய 19 நொடி தவறும் என்பதை நினைவில் வைத்தால், மாற்றாமல் அப்படியே எழுதிய டிஎல்இ மறுநாளே மூன்று நிமிடம் பிசகக்கூடும் என்பது விளங்கும். ஆகவே இட-வேக எண்களிலிருந்து ஒரு முழுச் சுற்றுக்குரிய இடங்களைக் கணித்து, அவற்றோடு பொருந்துமாறு எஸ்ஜிபி4 கூறுகளைத் தேடும் நிரல்களையே பயன்படுத்த வேண்டும்.

ஏவுதல் தள்ளிப்போனாலும் தற்காலிக டிஎல்இ வீணாவதில்லை. பெரும்பாலான ராக்கெட்டுகள் எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் பூமியைப் பொறுத்து ஒரே தடத்தில்தான் ஏறுகின்றன. எனவே தாமதத்தைக் கணிப்புக்குரிய குறிப்புக் கணத்தோடு கூட்டிவிட்டு, ஏறுகணுவின் கோணத்தோடு நிமிடத்துக்கு 0.2507 பாகை வீதம் கூட்டினால் போதும். பத்து நிமிடத் தாமதத்துக்கு இரண்டரை பாகை. மற்ற கூறுகளைத் தொட வேண்டாம். ஒரு நாள் முழுதாகத் தள்ளிப்போனால் இதே கணக்கு 360 பாகையைத் தாண்டி 0.986 பாகை மிச்சம் தரும். சூரிய ஒத்தியக்கப் பாதை (ஓரிடத்தை எப்போதும் ஏறத்தாழ ஒரே சூரிய நேரத்தில் கடப்பது) ஒவ்வொரு நாளும் திரும்ப வேண்டிய அளவும் அதுவே. தாமதத்தைப் பறக்கும்போதே ஈடுகட்டிப் பழைய சுற்றுப்பாதைத் தளத்திலேயே சென்று சேரும் ராக்கெட்டுகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

டிஎல்இயைக் கையால் திருத்தும்போது குறிப்புக் கணம் எப்போதும் உலகப் பொது நேரத்தில், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை அடுத்து, அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்ற பின்னமாக எழுதப்படும் என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன 2017 பிப்ரவரி 15 காலை 9.28 மணி, உலகப் பொது நேரத்தில் 3.58, எனவே 17046.16527778. வட்டத்திலிருந்து விலகும் அளவுக்குத் தசமப் புள்ளி எழுதுவதில்லை. வரியின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண்: எல்லா இலக்கங்களையும் கூட்டி, கழித்தல் குறி ஒவ்வொன்றையும் 1 என எண்ணி, வரும் தொகையின் கடைசி இலக்கத்தை அங்கே இட வேண்டும். இதில் தவறினால் பல நிரல்கள் எந்த எச்சரிக்கையும் தராமல் அந்தக் கோளையே ஒதுக்கிவிடும்.

கருவி

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெப்பத்தால் அலையாத படிகம் பொருத்திய ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினியில் செருகும் வானொலி வாங்கி) ஒன்று, ஆண்டெனாவின் அடியிலேயே பொருத்திய சிறு பெருக்கி ஒன்று, ஒரு மடிக்கணினி. அமெச்சூர் கோள்கள் பெரும்பாலும் 145.8 முதல் 146 வரையிலும் 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் பேசுகின்றன. 437 மெகாஹெர்ட்ஸுக்கு, ஒவ்வொரு கையும் ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை 120 பாகையில் விரித்து வைத்த வி-வடிவ ஆண்டெனாவே தொடங்கப் போதும். கையில் பிடித்துக் கோளை நோக்கித் திருப்பும் யாகி ஆண்டெனா வலுவானதுதான். ஆனால் முதல் நாளில் கோள் எங்கே என்று தெரியாமல் அதை எங்கே திருப்புவது? எல்லாப் பக்கமும் கேட்கும் ஆண்டெனாவே அப்போது சிறந்தது என்பது என் கருத்து.

கருவியைவிட முக்கியமானது கடிகாரம். தாழ்வான பாதையில் கோள் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் ஓடுகிறது. உங்கள் கணினி ஒரு நொடி தவறினால் கோளின் இடமும் அவ்வளவு தவறும். என் முதல் முயற்சியில், மாடியில் வைஃபை எட்டாததால் மடிக்கணினியின் கடிகாரம் சில நாள்களாகச் சரிசெய்யப்படாமலே ஓடியிருக்கிறது. கோள் ஒவ்வொரு கடப்பிலும் (நம் வானத்தைக் கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும்) நான்கு நொடி முன்னதாக வருவதாக இரண்டு இரவு உட்கார்ந்து பாதையைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாதையில் ஒரு குறையும் இல்லை. இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் முன் வலைவழி நேர ஒத்திசைவைச் சரிபார்க்கிறேன். அதோடு, பாதை நன்கு தெரிந்த வேறொரு கோளை அதே அமைப்பில் பதிவு செய்து, அது கணித்த நேரத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வானிலைக் கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸில் உரக்கப் பேசுவதால் இதற்கு ஏற்றவை. பதிவு செய்யும் நிரல் கோப்பைத் தொடங்கும்போது எடுத்துக்கொள்ளும் தாமதமும் இந்தச் சோதனையில் பிடிபட்டுவிடும்.

அதிர்வெண் பிழை அவ்வளவு கவலைக்குரியதன்று. பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறும் படிகம் 437 மெகாஹெர்ட்ஸில் 437 ஹெர்ட்ஸ் தவறும். கோளில் இருக்கும் படிகமும் வெயிலிலும் நிழலிலும் மாறிக்கொண்டேயிருக்கும். இரண்டும் டாப்ளர் வளைவை மொத்தமாக இடமோ வலமோ நகர்த்துமே தவிர, வளைவின் வடிவத்தையும் அது நிகழும் நேரத்தையும் பெரிதாக மாற்றுவதில்லை.

பதிவு செய்தல்

505 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களை ஒட்டிச் செல்லும் கோள் ஒன்று சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு முறைதான் தொடுவானத்துக்கு மேலே வரும். டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ இருப்பவருக்கு இதைவிடப் பல கடப்புகள் கிடைக்கும். நேர் உச்சியில் சென்றாலும் ஒரு தொடுவானத்திலிருந்து மறு தொடுவானம்வரை பதினொன்றரை நிமிடத்துக்குமேல் நீடிக்காது. எனவே ஒரு கடப்பையும் வீணாக்க நமக்கு வசதியில்லை. ஜிபிரெடிக்ட் போன்ற நிரலில் தற்காலிக டிஎல்இயை ஏற்றி நேரங்களைப் பார்த்துக்கொண்டு, முதல் நாளில் கணித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்கி, பத்து நிமிடம் பின்னரே நிறுத்துங்கள்.

ஒலியாக மாற்றாமல், வாங்கிய வானொலி அலையின் மாதிரிகளை அப்படியே சேமிக்கும் கச்சா ஐக்யூ கோப்பாகப் பதிவு செய்ய வேண்டும். நொடிக்கு 2,50,000 மாதிரிகள் எடுத்தால் எட்டுபிட் கோப்பு நொடிக்கு அரை மெகாபைட், அரை மணி நேரத்துக்கு 900 மெகாபைட். டாப்ளரைத் தானாகச் சரிசெய்யும் வசதி நிரலில் இருந்தால் அதைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் நாம் அளக்க வந்ததே அந்த மாற்றத்தைத்தான். ஆர்டிஎல்-எஸ்டிஆரின் நடு அதிர்வெண்ணில் எப்போதும் ஒரு பொய்க்கோடு இருக்கும் என்பதால், கோளின் அதிர்வெண்ணிலிருந்து 40, 50 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

பதிவை நேரமும் அதிர்வெண்ணும் கொண்ட வாட்டர்ஃபால் படமாக விரித்தால், தரையிலிருந்து வரும் இரைச்சல்களெல்லாம் நேர்கோடுகளாகத் தெரியும். கோள் மட்டும் நெளிந்து வரும். 437 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் மேலே தொடங்கி, 10 கிலோஹெர்ட்ஸ் கீழே முடியும். 145 மெகாஹெர்ட்ஸில் 3 கிலோஹெர்ட்ஸைச் சற்றுத் தாண்டும். வளைவு மிகச் செங்குத்தாக விழும் இடமே கோள் உங்களுக்கு மிக அருகில் வந்த கணம். விழும் வேகம் தொலைவைச் சொல்லும்: 500 கிலோமீட்டர் தொலைவில் உச்சியைக் கடந்தால் நொடிக்கு 150 ஹெர்ட்ஸுக்குமேல் விழும், 1,500 கிலோமீட்டர் தள்ளிப் போனால் 50 ஹெர்ட்ஸ்தான்.

கணிப்பைத் திருத்துதல்

ஒரு கடப்பிலிருந்து நம் கருவிகள் நம்பகமாகத் தருபவை மூன்றே எண்கள்: மிக அருகில் வந்த நேரம், அப்போதிருந்த தொலைவு, கோளின் உண்மையான அதிர்வெண். கிழக்கே சென்றதா மேற்கே சென்றதா என்பதைக்கூட ஒற்றை வளைவு தெளிவாகச் சொல்லாது. டிஎல்இயில் திருத்தத்தக்க கூறுகளோ ஏழு. மூன்று எண்களை வைத்துக்கொண்டு ஏழையும் திருத்தச் சொன்னால் நிரல் மறுக்காது. வளைவின்மேல் கச்சிதமாக உட்காரும் ஒரு பாதையைக் கொடுத்துவிடும். அடுத்த கடப்பில் அந்தப் பாதை கோளை முற்றிலும் வேறிடத்தில் காட்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். எந்தக் கூறை எப்போது அவிழ்ப்பது, அதாவது நிரலைத் திருத்த விடுவது, என்பதில்தான் இந்த வேலையின் நுட்பமெல்லாம் இருக்கிறது.

முதல் கடப்புக்குப் பிறகு, கோள் பாதையில் எங்கே இருக்கிறது என்ற சராசரிக் கோணத்தையும் அதிர்வெண்ணையும் மட்டும் திருத்துங்கள். இதைத் தாளிலேயே செய்யலாம். கோள் 20 நொடி தாமதமாக வந்தது என்றால், 94.6 நிமிடச் சுற்றில் அது 1.27 பாகை, அதைச் சராசரிக் கோணத்திலிருந்து கழிக்க வேண்டும். முன்னதாக வந்திருந்தால் கூட்ட வேண்டும். ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால், சாய்வும் ஏறுகணுவும் ஏற்கெனவே போதிய அளவு சரியாகவே இருக்கும். முதல் நாளின் பிழையில் பெரும்பகுதி பாதையோடு முன்னும் பின்னுமானதுதான்.

ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று கடப்புகள் சேர்ந்ததும் நாளொன்றுக்கான சுற்றுகளின் எண்ணிக்கையைத் திருத்தலாம். இது மிகக் கூர்மையான கூறு, அதில் 0.01 தவறினால் ஒரு நாளில் 57 நொடி பிசகும். அதாவது நேரத்தை ஒரு நொடி துல்லியத்தில் அளந்தாலே, ஒரு நாள் இடைவெளியில் இந்த எண் நான்காம் தசமம்வரை கிட்டத்தட்டப் பிடிபட்டுவிடும். மூன்றாம் நாள்வாக்கில், காலை மாலை இருவேளைக் கடப்புகளும், உச்சியை ஒட்டியும் இரு பக்கங்களில் விலகியும் சென்றவையும் கைவசம் இருக்கும்போது ஏறுகணுவைத் திருத்துங்கள். அதற்கும் பிறகே சாய்வை. வட்டத்திலிருந்து விலகும் அளவையும் அண்மைப் புள்ளியையும் கடைசிவரை தொடாமலிருப்பது நல்லது. பாதை ஏறக்குறைய வட்டமாக இருக்கும்போது அண்மைப் புள்ளியின் கோணமும் சராசரிக் கோணமும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு ஓடும். இரண்டையும் சேர்த்து அவிழ்த்தால் நிரல் அர்த்தமற்ற எண்களில் அலையும். இழுவை எண்ணை முதல் வாரம் தொடக்க டிஎல்இயில் இருந்தபடியே விடலாம்.

இதற்கென நெதர்லாந்தின் வானியலாளர் கேஸ் பாஸா எழுதிய எஸ்டிஆர்எஃப் என்ற இலவச நிரல்தொகுதி இருக்கிறது. ஐக்யூ கோப்பை வாட்டர்ஃபாலாக மாற்றி, வளைவின்மேல் புள்ளிகளைக் குறிக்க வைத்து, அதிலுள்ள ஆர்எஃப்ஃபிட் என்ற நிரலில் எந்தெந்தக் கூறுகளை அவிழ்ப்பது என்று நாம் தேர்ந்தெடுத்துப் பொருத்தலாம். பொருத்தம் முடிந்ததும் எஞ்சும் பிழை நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் அளவில், எந்த ஒழுங்கும் இல்லாமல் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் சரி. எஞ்சிய பிழையே ஒரு வளைவாகத் தெரிந்தால் எண் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் நம்பாதீர்கள். பெரும்பாலும் கடிகாரம், இல்லையேல் வேறு கோள்.

எந்த எண் எந்தக் கோள்

சில நாள்களில் ஸ்பேஸ்-ட்ராக்கில் ஆப்ஜெக்ட் ஏ, ஆப்ஜெக்ட் பி என்று பெயரில்லாத பொருள்களின் டிஎல்இக்கள் வரத் தொடங்கும். முதல் நாளில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எதை வைத்தும் உங்கள் வளைவைப் பொருத்திவிடலாம் போலத் தோன்றும். காத்திருக்க வேண்டும். ஒரு சுருள்வில் கோளை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பாதையின் திசையில் தள்ளிவிட்டால், அது மட்டுமே நாளொன்றுக்கு 34 நொடி இடைவெளியை உண்டாக்கும். அதிலும் ஒரு வேடிக்கை: முன்னால் தள்ளப்பட்டது உயரமான பாதைக்கு ஏறிப் பின்தங்கும், பின்னால் தள்ளப்பட்டது தாழ்ந்து முந்திச் செல்லும். எனவே மூன்று நாள் பொறுத்தால் கூட்டம் நிமிடக் கணக்கில் பிரிந்துவிடும்.

அப்போது ஒவ்வொரு பொருளின் டிஎல்இயையும் எடுத்து, உங்கள் பதிவுகளில் அளந்த நேரங்களோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை போடுங்கள். ஒற்றைக் கடப்பில் மிக நெருக்கமாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அடுத்தடுத்த நாள்களில் வேறுபாடு வளராமல் நிற்பது எது என்று பாருங்கள். இரண்டு பொருள்கள் இன்னும் போட்டியிட்டால், அவற்றின் இடைவெளி அகலும்வரை மீண்டும் காத்திருப்பதே வழி. ரேடார் பட்டியலிலும் சில வேளைகளில் பக்கத்துப் பக்கத்துப் பொருள்கள் ஒன்றோடொன்று மாறிவிடுவதுண்டு என்பதால், நேற்று பொருந்தியது இன்று திடீரென்று முப்பது நொடி விலகினால் உங்கள் அளவையை உடனே சந்தேகிக்க வேண்டாம். பக்கத்துப் பொருளையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள்.

தேடியது ஒன்றாகவும் கிடைப்பது வேறாகவும் இருக்கலாம். 2018 ஜனவரியில் கனடாவின் ஸ்காட் டில்லி, ஸுமா என்ற ரகசியக் கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது, எதிர்பாராத ஒரு சிக்னல் அகப்பட்டது. அதன் டாப்ளர் வளைவைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது, 2005 டிசம்பரில் தொடர்பு அறுந்து கைவிடப்பட்ட நாசாவின் இமேஜ் கோளோடு அது பொருந்தியது. பிறகு நாசாவும் அதை உறுதிப்படுத்தியது. ஆகையால் உங்கள் படத்தில் தேடாத ஒரு வளைவு தென்பட்டால் அழித்துவிடாதீர்கள்.

அடையாளம் உறுதியானதும், கோளின் குழுவினருக்கு எழுதும்போது வெறும் டிஎல்இயை மட்டும் அனுப்பாமல், எந்த இடத்திலிருந்து, உலகப் பொது நேரப்படி எந்தெந்தக் கடப்புகள், கடிகாரத்தை எப்படிச் சரிபார்த்தீர்கள், எந்தக் கூறுகளை அவிழ்த்தீர்கள், எஞ்சிய பிழை எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் வேறு நாட்டிலிருந்து வந்த அளவைகளோடு உங்களுடையதைச் சேர்த்துப் பொருத்த அது வேண்டும். கச்சா கோப்புகளை ஒரு மாதமாவது வைத்திருங்கள். கோள் பிறகு மௌனமாகிவிட்டால், அது கடைசியாகப் பேசிய பதிவு உங்களுடையதாக இருக்கக்கூடும்.